நெட்டை வாங்கி வந்த சுருட்டு

வெளிநாட்டிலிருந்து வந்த நெட்டை எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தான். ஸ்டோர் அம்மாவுக்கு ஒரு சின்ன பர்ஸ். மேனேஜருக்கு மேஜையில் வைக்கிற பீங்கான் பொம்மை. எனக்குச் சுருட்டு.

சுருட்டு என்றதும் மரப்பெட்டி, தங்க நிறக் காகித வளையம் என்றெல்லாம் யாரும் கற்பனையை ஓடவிட வேண்டாம். பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு கட்டு, மேலே சணல் கயிறு, அவ்வளவுதான். உள்ளே இருந்தவற்றில் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. ஒன்று நடுவில் பருத்திருந்தது, ஒன்று நுனியில் சூம்பியிருந்தது, ஒன்றின் இடுப்பிலிருந்து இலைக்காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுருட்டியவருக்கு அன்றைக்கு வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது. ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல் கொண்டுவந்து நீட்டினான். அந்த ஊர்க் காசுக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியாது. அவனோடு போய்வந்த, நாங்கள் ‘கண்ணாடி’ என்று கூப்பிடுகிற ஆள்தான் பக்கத்தில் நின்று விளக்கம் கொடுத்தான்.

“கட்டு முழுசும் சேர்த்து அங்க ஒரு டீ விலைகூட இல்லண்ணே.”

சிரித்துக்கொண்டே சொன்னான். நெட்டையும் சிரித்தான். இரண்டு பேரும் ஒரே மாதிரி நீல நிற ஜாக்கெட் போட்டிருந்தார்கள். ஒரே கடை, ஒரே தையல், ஒரே ஜிப். குளிர் தாங்கவில்லை, இரண்டாக வாங்கினால் தள்ளுபடி என்றார்கள். மூன்றாக வாங்கினால் கடைக்காரர் கோபித்துக்கொள்வாரா என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது.

“கேளுடா, இது எதுக்குன்னா...” என்று ஆரம்பித்தான் நெட்டை.

“சுருட்டு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? வாயில வைக்கத்தானே.”

“அது இல்லடா, நான் சொல்ல வர்றது...”

“எனக்கு வேலை கெடக்கு. நீங்க ஊர் சுத்திட்டு வந்திருக்கீங்க, நான் இங்க பழைய லிஃப்டுக்குள்ள கெடந்து நாறிட்டிருக்கேன்.”

சுருட்டுக் கட்டைக் கருவிப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். என்னை எல்லாரும் ‘பாய்லர்’ என்று கூப்பிடுவார்கள். சும்மா வைத்த பெயரில்லை.

நாங்கள் லிஃப்ட் மெக்கானிக்குகள். எங்கள் வேலையைத் தனியாளாகச் செய்ய முடியாது. ஒருவன் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி, இருட்டுக் கிணறு மாதிரியான அந்தச் சந்துக்குள் நிற்பான். இன்னொருவன் வெளியே, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்பான். உள்ளே இருப்பவன் ‘ஏத்து’ என்றால் ஏற்ற வேண்டும், ‘இறக்கு’ என்றால் இறக்க வேண்டும், ‘நில்லு’ என்றால் அந்தச் சொல் முடிவதற்குள் விரலை எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருப்பவனுக்குக் கை போகும், சில நேரம் ஆளே போவான். பல வருஷமாக உள்ளே நெட்டை, வெளியே நான். அவன் உயரத்துக்கு, மேலே இருக்கும் எதையும் ஏணி இல்லாமல் எட்டிப் பிடிப்பான் என்பதால் இந்த ஏற்பாடு. அவன் ‘இறக்கு’ என்று சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பான். மூடிய கதவு வழியாக எனக்கு அந்த மூச்சே கேட்கும். எங்கள் கம்பெனியில் எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்றே கேலி செய்வார்கள். இதில் யார் பெண்டாட்டி என்று கேன்டீனில் வாக்குவாதம்கூட நடந்திருக்கிறது.

இந்த நிலையில் புது மாடல் லிஃப்டுக்குப் பயிற்சி என்று, அதைத் தயாரிக்கும் தொழிற்சாலைக்கே இரண்டு பேரை அனுப்பினார்கள். நெட்டையும் கண்ணாடியும். கண்ணாடி வந்து சேர்ந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது. கம்ப்யூட்டர் படித்தவன், முப்பது வயதிருக்கும், ஸ்க்ரூடிரைவர்களை அளவு வாரியாக அடுக்கி வைப்பவன், வாயைத் திறந்தால் அண்ணே. “பழைய லிஃப்டெல்லாம் உன் கைக்குத்தான் கேக்கும்” என்று மேனேஜர் என்னிடம் பாராட்டு மாதிரி ஒன்றைச் சொல்லி உட்கார வைத்துவிட்டார்.

அவர்கள் அங்கே குளிரில் ஜாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தபோது நான் இங்கே இன்ஷூரன்ஸ் கட்டடத்தின் விசிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடத்தில் கடைசி மாடி லிஃப்ட் கதவு காற்றடிக்கும் நாளெல்லாம் விசிலடிக்கும். காற்று எந்த இடுக்கு வழியாக வருகிறது என்று தெரிந்தால் அடைத்துவிடலாம். அதுதான் தெரியவில்லை. கதவு ரப்பரை மாற்றிப் பார்த்தாயிற்று, உருளையை மாற்றிப் பார்த்தாயிற்று. மெழுகுவத்தி பிடித்தால் அணைந்துவிடும். சிகரெட் புகை பிடித்துப் பார்த்தால் இடுக்கைத் தேடி முடிப்பதற்குள் சிகரெட் முடிந்துவிடும். அந்த மாடியில் வேலை செய்பவர்கள் என்னைப் பார்த்தாலே வாயைக் குவித்து விசிலடித்துக் காட்டுவார்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கோபுரக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் லிஃப்ட் வேலை முழுவதும் எங்கள் கம்பெனிக்கு. ஒரு ஜோடியை அங்கேயே போட்டு, இரண்டு மூன்று வருஷம் வேறு எங்கும் அனுப்பப்போவதில்லை. நெட்டை போவது முடிவாகிவிட்டது. கூட யார் என்பதை அவனே சொல்லலாம் என்று மேனேஜர் விட்டுவிட்டார். சனிக்கிழமை அறிவிப்பார்கள் என்று பேச்சு. எனக்கு அந்தக் கோபுரத்தின்மேல் ஒன்றும் பெரிய ஆசை கிடையாது. நெட்டையின் வாயிலிருந்து என் பெயர் வர வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும். நானாகப் போய்க் கேட்க மாட்டேன். கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மரியாதை?

சுருட்டை அன்று சாயங்காலமே பால்கனியில் வைத்துப் பற்றவைத்தேன். நான் சிகரெட்டை விட்டுப் பல காலம் ஆகிறது. ஆனாலும் எவ்வளவு மட்டமான சரக்கை என் தலையில் கட்டியிருக்கிறான் என்று தெரிய வேண்டாமா? நுனியைக் கடித்தேன், பாதி இலை கழன்று வாயோடு வந்தது. தீக்குச்சிமேல் தீக்குச்சியாகக் கிழித்தேன். இழுத்தால் கன்னம்தான் உள்ளே போனதே தவிர புகை வரவில்லை. விட்டுத் தள்ளலாம் என்று நினைத்த நேரத்தில் எல்லாப் புகையும் மொத்தமாக வந்து தொண்டையில் இறங்கியது. ஈர அட்டைப்பெட்டியை எரித்து அதில் கொஞ்சம் பெயின்ட் ஊற்றினால் வருகிற ருசி. கண்ணில் தண்ணீர் கொட்டியது. புகையோ நகர்வேனா என்றது. கனமாக, வெள்ளையாக, அப்படியே பால்கனியில் தொங்கியது. மேல் வீட்டுக்காரர் ஜன்னலைப் படாரென்று சாத்தினார்.

உள்ளே போய்ச் சாப்பிட்டு, கை கழுவி, திரும்பி வந்து பார்த்தால் தட்டில் வைத்த சுருட்டு இன்னும் புகைந்துகொண்டே இருக்கிறது. சாகவும் மாட்டேன் என்கிறது.

என் மனைவி பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். யார் வாயைத் திறந்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். மறுநாள் நான் இரண்டாவது சுருட்டை எடுத்தபோது வாசற்படியில் வந்து நின்றாள்.

“நேத்தே நல்லா இல்லன்னு சொன்னீங்க.”

“ஒண்ணு நல்லா இல்லன்னா எல்லாமே நல்லா இல்லன்னு சொல்லிட முடியுமா? நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல.”

“பிடிக்கலன்னா தூக்கிப் போட வேண்டியதுதானே.”

“எவ்வளவு மோசம்னு தெரிஞ்சுக்கணும்.”

“தெரிஞ்சு?”

“தெரிஞ்சு வச்சுக்கணும்.”

அவள் என் பல்லைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். “உங்களுக்குச் சுருட்டு மேல கோவம் இல்ல. அந்த ஜாக்கெட் மேலதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டாவது, முதலாவதைவிட மோசம். மூன்றாவதில் ஒரு சின்னக் குச்சி இருந்தது, அது படபடவென்று வெடித்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் எனக்குள் ஒரு கேள்வி. இதைக் கடையில் கையில் எடுத்தபோது என் முகம் அவனுக்கு ஞாபகம் வந்ததா? இது போதும் அவனுக்கு என்று சொல்லித்தானே வாங்கியிருப்பான்? பக்கத்தில் கண்ணாடி நின்று தலையாட்டியிருப்பானே? வயிறு எரிந்தது. புகையால் பாதி, மீதி வேறு காரணத்தால்.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நெட்டை சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி, “மூணாவது ஸ்டாப்” என்றான். அவ்வளவுதான். கண்ணாடிக்குப் புரையேறிவிட்டது. நெட்டை அவன் முதுகில் தட்டித் தட்டித் தானும் சிரித்தான். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. முன்பெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் இப்படிச் சிரிப்போம், மற்றவர்கள் முழிப்பார்கள். முழிக்கிற பக்கம் உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவு கேவலம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நெட்டை கை கழுவப் போன நேரம் பார்த்து எழுந்தேன். பையிலிருந்து சுருட்டுக் கட்டை எடுத்துக் கண்ணாடியின் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இந்தா. இனிமே இது உன்னோடது.”

“எனக்கா அண்ணே? நெஜமாவா?”

“உனக்குத்தான். எனக்கு இது தேவையில்ல. நீயே வச்சுக்க.”

நான் குத்திக் காட்டுகிறேன் என்று அவனுக்கு உறைக்க வேண்டுமே. உறைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏதோ விருது வாங்குகிறவன் மாதிரி இரண்டு கையாலும் கட்டை எடுத்துக்கொண்டான். “தாங்க்ஸ்ணே, நல்லா பண்றேன்” என்றான். சுருட்டுக் குடிப்பதில் நல்லா பண்ண என்ன இருக்கிறது? அவன் ஒரு மாதிரி ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சூட்டோடு மாடி ஏறி மேனேஜர் அறைக்குள் போனேன். சனிக்கிழமை எல்லார் முன்னாலும் கண்ணாடியின் பெயரைச் சொல்வார்கள், நான் கைதட்ட வேண்டும். அந்தக் கண்றாவியை நான் ஏன் பார்க்க வேண்டும்? அவன் என்னைக் கழற்றிவிடுவதற்கு முன்னால் நானே கழன்றுகொண்டால் போயிற்று.

“சார், டவர் வேலைக்கு என்னை நெட்டைகூடப் போடாதீங்க. வேற யார்கூட வேணும்னாலும் போடுங்க.”

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். “யோசிச்சுத்தான் பேசறியா?”

“நல்லா யோசிச்சுட்டேன் சார்.”

“ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்ல. அவன்கூட நின்னு நின்னு அலுத்துப்போச்சு.”

சரி என்றார். படி இறங்கும்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அன்று பூராவும் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினேன், ஸ்டோர் அம்மாவிடம் ஜோக்கெல்லாம் அடித்தேன். சனிக்கிழமை உடம்பு சரியில்லை என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஷூரன்ஸ் கட்டடத்துக் காவலாளியிடமிருந்து போன் வந்தது.

“உங்க ஆளுங்க ரெண்டு பேர் மேல இருக்காங்க. ஆபீஸ் லீவுதான், புகை அலாரத்தைக்கூட நிறுத்தி வைக்கச் சொன்னாங்க, வச்சிருக்கேன். ஆனா நாத்தம் கீழ வரைக்கும் வருதே. என்னதான் பண்றாங்க?”

என்ன நாற்றம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். என் லிஃப்ட், என் விசில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை போய் நிற்கிறார்களா? வீட்டில் போட்டிருந்த செருப்போடு கிளம்பினேன். லிஃப்டை அவர்கள் பிடித்து வைத்திருந்ததால் எல்லா மாடியும் படியில் ஏறினேன். ஏற ஏற, என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். மேலே போய்ச் சேர்ந்தபோது ஒன்றையும் கேட்க மூச்சு இல்லை.

கதவு மூடியிருந்தது. விசில் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி ஒரு ஸ்டூல்மேல் ஏறி, கதவுச் சட்டத்துக்கு மேலே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டத்தின் வலது மூலையில், மேல் தகட்டுக்குப் பின்னாலிருந்து, கனமான வெள்ளைப் புகை ஒரு நூலாக வெளியே வந்துகொண்டிருந்தது. இடுக்கு கதவில் இல்லை. இரும்புச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. இத்தனை நாளாக ரப்பரோடு நான் போட்ட சண்டையெல்லாம் வீண்.

“வந்துட்டீங்களாண்ணே,” கண்ணாடி ஸ்டூலிலிருந்து இறங்கினான். முகம் முழுக்கச் சந்தோஷம். “பாத்தீங்களா? நெட்டையண்ணன் உள்ள பெட்டி மேல நின்னு சுருட்டைப் பிடிச்சிட்டிருக்கார். காத்து அதை இழுத்துட்டு வெளிய வருது.”

“சுருட்டை வச்சுப் பாக்கணும்னு யார் சொன்னது?”

“அங்க ஃபேக்டரில ஒரு லேடி மெக்கானிக் இப்படித்தான் பாப்பாங்க. நல்ல சுருட்டு இதுக்கு ஆகாதாம். மட்டமா, ஈரம் போகாம இருந்தாத்தான் புகை கனமா வருமாம், ரொம்ப நேரம் நிக்குமாம். அதைப் பாத்ததும் நெட்டையண்ணன் விடலயே. உங்களுக்கு இது வேணும்னு ஒரே பிடிவாதம். கடையில எல்லாம் ஒசத்தி சுருட்டுதான் இருந்துச்சு. அந்தம்மா சொன்ன எடத்துக்கு பஸ் ஏறினோம், எங்க எறங்கணும்னு தெரியாம மூணாவது ஸ்டாப்ல எறங்கி, மழையில நடந்து, ரெண்டு பேரும் சேத்துல விழுந்து...” அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அந்தக் குளிருக்குத்தான் ஜாக்கெட்டே வாங்கினோம்.”

நான் அந்தப் புகை நூலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வியாழக்கிழமை நீங்க கட்டை எங்கிட்டக் குடுத்தீங்களா, உங்க விசில் வேலையையே எங்கிட்ட ஒப்படைக்கிறீங்கன்னு நெனச்சேன்ணே. அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல.”

கதவை அவன் திறந்தான். உள்ளே, லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நெட்டை உட்கார்ந்திருந்தான். அவன் தலை எங்கள் முழங்கால் அளவுக்கு இருந்தது. கையில் பாதி எரிந்த சுருட்டு, கண்ணெல்லாம் சிவப்பு. என்னைப் பார்த்துவிட்டு, சுருட்டைப் பக்கத்திலிருந்த தகர டப்பாவில் அணைத்தான்.

“எத்தனை குடிச்ச?” என்று கேட்டான்.

“மூணு.”

“எப்படி இருந்துச்சு?”

“கேவலமா இருந்துச்சு.”

“நல்லது. அதுக்காகத்தான் அவ்வளவு தூரம் போய் வாங்கினேன்.”

“சொல்லியிருக்கலாமில்ல.”

“சொல்ல விட்டியா நீ?”

கண்ணாடி டார்ச்சை அணைத்து, ஏற்றி, அணைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இதில் ஏதோ புரிய ஆரம்பித்திருக்க வேண்டும்.

நெட்டை கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினான். “டவருக்கு உன் பேரைச் சொல்லிட்டுத்தான் நான் வெளிநாட்டுக்கே கெளம்பினேன். நேத்து மேனேஜர் கூப்பிட்டு, உன் ஆளு உன்கூட வரமாட்டேங்கறான், அலுத்துப்போச்சாம், வேற பேரைச் சொல்லுன்னார்.”

“சொன்னியா?”

“சொன்னேன்.”

“நான் ஒரு கோவத்துல சொன்னேன்டா. நாளைக்கே போய் மாத்திச் சொல்லிடறேன். நீ சொன்னா கேப்பார்.”

“உன் கோவம் எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷமாப் பாக்கறேன்.” அவன் குரல் உயரவே இல்லை. அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சாயங்காலத்துக்குள் சரியாகியிருக்கும். “ஆனா உள்ள நிக்கறவன் நான். வெளிய நிக்கறவன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம கையை எடுத்துட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் நான் எப்படிடா உள்ள நிப்பேன்?”

எனக்கு ஆயிரம் பதில் இருந்தது. ஜாக்கெட், பெஞ்சு, சிரிப்பு என்று எல்லாமே வரிசையாக நாக்கில் நின்றன.

“கதவைச் சாத்து. கீழ எறங்கி அடுத்த மாடியையும் பாத்துடலாம்” என்றான் நெட்டை, பொதுவாக.

கண்ணாடி கதவைச் சாத்தினான். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு முன்னால் போய், விரலைப் பொத்தானுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். பிறகு என்னைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, கையை எடுத்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றான். எனக்கு இடம் விட்டான். கதவுக்கு அந்தப் பக்கம் நெட்டை மூச்சு இழுப்பது கேட்டது.

“இறக்கு.”

என் கை தானாக நீண்டுவிட்டது. விரல் பொத்தானைத் தொட்டும்விட்டது. அழுத்தவில்லை, அழுத்தலாமா என்று ஒரு கணம் நின்றது. அவ்வளவுதான் தாமதம். அதுவரை ஒரு முறைகூட நான் அப்படித் தாமதித்ததில்லை.

பிறகு அதே குரல், கோபமே இல்லாமல்.

“பாய்லர், கையை எடு. கண்ணாடி, நீ இறக்குடா.”

எடுத்தேன். கண்ணாடி என் பக்கம் திரும்பாமல் வந்து பொத்தானை அழுத்தினான். பெட்டி ஒரு குலுக்கல் இல்லாமல் கீழே இறங்கியது. எங்கேயாவது ஒரு குறை இருக்கிறதா என்று அந்த நேரத்திலும் நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை.